முட்டியளவு தண்ணீரில் மூத்த மாப்பிள்ளை

ஒரு வீட்டு மாப்பிள்ளை முட்டாள் என்றால் அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சமையற்கட்டில் தெரியும், தெருவில் தெரியும், எதிர்வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். அவனிடம் மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘மாப்ளே சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வஞ்சிரத்தை ஒன்பது வருடம் தின்றவன் நான். அதன் பலனைப் போன வருடம் எண்ணூர் ஆற்றின் நடுவில், பட்டப்பகலில், ரயிலில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க அனுபவித்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது டோல்கேட்டில், மூன்றாவது மாடியில். எனக்குப் பழக்கமான தண்ணீர் என்றால் லாரியில் வருவதும், மழைக்காலத்தில் படியேறி வருவதும்தான். நீச்சல் தெரியாது. ஆனால் ராயபுரத்தில், ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வேலை. எந்தச் சரக்கு எந்தப் பெட்டியில், நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, பெருக்கினால் எத்தனை கன மீட்டர் என்று தாள் தயாரிப்பேன். அந்தத் தாளின்படிதான் பெட்டிகள் நிரம்பும். (நான் ஒரு கப்பலில்கூட ஏறியதில்லை. ஒரே ஒருமுறை ஏறப் போனேன். அந்த ஏணியைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.)

கலாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு காத்திவாக்கத்துக்கு மாப்பிள்ளையாகப் போன முதல் நாளே யாரோ என்ன வேலை என்று கேட்டார்கள். ‘ஷிப்பிங்’ என்றேன். அவ்வளவுதான், கப்பல் மாப்ளே ஆகிவிட்டேன். மீன்பிடிக் குடும்பங்கள் வாழும் குப்பம் அது. கரையில் உட்கார்ந்திருந்தால் யாராவது மரியாதைக்கு, “இன்னா மாப்ளே, காத்து எப்டி கீது?” என்பார்கள். நானும் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்து, “சாயங்காலம் தணிஞ்சுடும்” என்பேன். கேட்டவர் முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவராக இருப்பார். தலையை ஆட்டிக்கொண்டு போவார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டதாக நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கையில் என் மைத்துனி ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாண வேலைக்காக நாங்கள் காத்திவாக்கத்திலேயே வந்து தங்கினோம். மாமனார் இல்லை. ஏழு வருடம் முன்பே போய்விட்டார். அவருடைய காரியத்தன்று, பிறந்த வீட்டுக் கோடிப்புடவையோடு காலையிலேயே வந்து நிற்கவேண்டிய என் அத்தையின், அதாவது மாமியாரின், தம்பி ஏகாம்பரம், சடங்கெல்லாம் முடிந்து பந்தல் பிரிக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தார். அத்தை ஊர் கூடிய இடத்தில், “இனிமே என் வூட்டு வாசல மிதிக்காத” என்று சொல்லிவிட்டார். அவரும் மிதிக்கவில்லை. அவர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில், இவர் இங்கே. ஏழு வருடம் ஒரு போன் கிடையாது.

இப்போது ரேவதியை மணையில் உட்கார வைக்கத் தாய்மாமன் வேண்டும். மாமன் சீர் வராமல் பெண் மேடையேறினால் ஊர் பேசும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அத்தைக்குத் தம்பியைப் பார்க்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் பத்திரிகை அச்சாகி வந்த அன்று முதல் பிரதியை எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தருகே வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அது தம்பிக்கு உரியது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அதுவும் தண்ணீர் வழியாகப் போய், அவர் கரையில் இறங்கி, தாம்பாளத்தோடு கொடுக்க வேண்டும். பஸ்ஸில் போய்க் கொடுத்தால் அது தகவல். படகில் போய்க் கொடுத்தால்தான் அழைப்பு. திரும்பி வரும் வழியில் ஆற்றோரக் குப்பங்களில் இருக்கும் உறவுக்காரர்களுக்கும் வைத்துக்கொண்டு வரலாம். ஆறு, கால்வாய், ஏரி என்று போக வர மூன்று நாள்.

“ஒரு சின்னப் படகா பாருங்க மாப்ளே” என்றார் அத்தை. “உங்க மாமா இருந்தா அவரு பாத்துருப்பாரு. இப்ப நீங்கதான். நம்ப தேசம்மா படகே போதும். போயி ஒரு வார்த்த கேளுங்க.”

தேசம்மா நாலு வீடு தள்ளி இருப்பவர். ஆற்றில் இறால் பிடித்து விற்பவர். மாமனார் இறந்தபோது பதினாறு நாளும் இந்த வீட்டு அடுப்பை எரிய விடாமல் தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து போட்டவர். அவருடைய படகு பச்சைப் பெயின்ட் உரிந்து, அடி தட்டையாக, பெரிய மரத் தட்டு ஒன்று போல இருந்தது. நான் இன்ச் டேப்பும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு போனேன். (ஆமாம், இன்ச் டேப். அலுவலகப் பையில் எப்போதும் இருக்கும்.)

நீளம் அளந்தேன். அகலம் அளந்தேன். குனிந்து உள்ளே ஆழம் அளந்தேன். தேசம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மாப்ளே, படகுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறீங்களா?”

“சாமான் அடங்குமான்னு பாக்கறேன் அக்கா.”

நான் ஏற்கனவே பட்டியல் போட்டிருந்தேன். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் நான்கு, சிலிண்டரோடு கேஸ் அடுப்பு, அரிசி, பாத்திரம், இரண்டு தாம்பாளம், பழக்கூடை, பத்திரிகைக் கட்டுகள், அத்தை உட்கார மடக்கு நாற்காலி, மழை வந்தால் தார்ப்பாய், மூன்று படுக்கை, இரண்டு சூட்கேஸ். மொத்தம் மூன்று புள்ளி ஒன்று கன மீட்டர். தேசம்மாவின் படகோ ஒன்று புள்ளி ஆறுதான். பாதிச் சரக்கு வெளியே நிற்கும். விஷயம் முடிந்தது என்று குறிப்பேட்டை மூடினேன்.

“சாமான் உள்ள போவுமான்னு பாக்குறீங்க” என்றார் தேசம்மா. “ஏத்தினா படகு எம்மாம் அமுங்கும்னு பாக்க வாணாமா? ஆத்துல தண்ணி வத்திச்சின்னா என் முட்டி வரைக்கும்தான் கீது. அடியில எல்லாம் சேறு. இதுக்கு எங்கள மாதிரி தட்டப் படகுதான் ஓடும். சாமான கொறைங்க மாப்ளே.”

“அக்கா, கப்பலுக்கே அளவு போடறவன் நான்” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது.

“சரி மாப்ளே, உங்களுக்குத் தெரியாததா” என்றார் அவர். “எதுக்கும் கழுவி நெழல்ல கட்டி வெக்கிறேன். வேணும்னா எட்துக்கங்க.”

ராயபுரத்தில் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. நீலமும் வெள்ளையுமாகப் பளபளவென்று, முன்மூக்கு தூக்கலாக, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘கடல் சிங்கம்’ என்று பெயர். அடிப்பாகம் கத்தி போலக் கூர்ந்து இறங்கியிருந்தது. கடலலையைக் கிழித்துக்கொண்டு போவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆற்றில் கிழிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அளந்தேன். மூன்று புள்ளி நான்கு! சரக்கு போக இடம் மிச்சம்! அங்கேயே பேசி முடித்தேன்.

இப்போது நான் செய்த அடுத்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் முட்டாள்தனம். இது வேறு.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, “தேசம்மா கிட்ட கேட்டீங்களா மாப்ளே?” என்றார். ‘கேட்டேன், எனக்குத்தான் அது பிடிக்கவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்பார், விளக்க வேண்டும், ஒருவேளை என் விளக்கம் நிற்காமல் போகலாம். எனவே வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கேட்டேன் அத்தே. எறா சீசனாம். தர முடியாதுன்னுட்டாங்க.”

அத்தை அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “தேசம்மாவா? முடியாதுன்னாளா?”

“ஆமா அத்தே.”

அவர் மறுபடி குனிந்துகொண்டார். “பரவால்ல” என்றார்.

ஒரு சின்னப் பொய் இரண்டு நாளில் ஆறிப்போகும் என்று நினைத்தேன். அத்தையும் தேசம்மாவும் தினமும் காலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பவர்கள். மறுநாள் அத்தை தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். கல்யாண முறுக்குச் சுட தெருவில் இருக்கும் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டார். தேசம்மா வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார். “என் புருசன் செத்தப்ப சோறு போட்டவ, என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு படகு தரமாட்டாளாம்” என்று கலாவிடம் சொல்லி அழுதாராம். கலா என்னிடம் சொன்னாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் வஞ்சிரம் வந்தது.

கிளம்பும் நாள் வந்தது. ‘கடல் சிங்கம்’ காத்திவாக்கத்துக் கரையில் வந்து நின்றபோது குப்பமே கூடிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். பெரியவர் ஒருவர் தண்ணீரில் இறங்கி, படகின் அடியைக் கையால் தடவிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, “சோக்கா கீது மாப்ளே” என்று சொல்லிவிட்டு அவசரமாக எங்கோ போனார். அத்தை படகையே பார்த்தபடி, “அடி ரொம்ப கீழ எறங்கிக்கீதே மாப்ளே” என்றார்.

“அதான் அத்தே பேலன்ஸ்.”

“நீங்க சொன்னா சரி.”

கலாவின் தம்பி, என் மச்சான் சேகர், எர்ணாவூரில் பைக் மெக்கானிக், இன்ஜினைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்தான். அவனும் ஆற்றில் வளர்ந்தவன்தான். பின்னால் ஒருநாள், “ஏண்டா, உனக்குத் தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?” என்று அவனைப் பிடித்தேன். “எப்டி மாமா சொல்றது? நீங்க மூத்த மாப்ள. அம்மா அடிக்கும்” என்றான்.

நான் குறித்த நல்ல நேரம் ஒன்பதேகால். காலண்டரில் பார்த்துக் குறித்தேன். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று துறைமுகம் வெளியிடும் அட்டவணை என் அலுவலக மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே பல வருடமாக இருக்கிறது. தினமும் அதன்மேல்தான் டீ கிளாஸை வைப்பேன். அது கப்பலுக்கு உரியது, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மூன்று பேருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் வாங்கியிருந்தேன். அத்தை வேண்டாம் என்றார். சேகர் வேண்டாம் என்றான். நான் மட்டும் மாட்டிக்கொண்டு, முன்மூக்கில் நின்று, கரையில் நின்ற மனைவி மகளுக்குக் கையசைத்தேன்.

இருபத்தைந்து நிமிடம் பயணம் பிரமாதமாக இருந்தது. ரயில் பாலத்தைத் தாண்டியதும் கீழே கரகரவென்று ஒரு சத்தம். இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது.

“மாமா, தரை தட்டிச்சி.”

“தட்டட்டும். கொஞ்சம் தண்ணி வந்தா எழும்பிடும்.”

“தண்ணி போய்க்கினு கீது மாமா.”

உண்மைதான். ஆறு எங்களை விட்டுக் கடலுக்குக் கிளம்பியிருந்தது. பத்து நிமிடத்தில் படகின் இரு பக்கமும் கறுப்புச் சேறு மேடு மேடாக எழுந்தது. அப்போதுதான் அந்தக் கூர்ந்த அடியின் பெருமை எனக்கு விளங்கியது. தட்டை அடி என்றால் சேற்றில் சமமாக உட்கார்ந்திருக்கும். கடல் சிங்கமோ மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பக்கம் படுக்கத் தொடங்கியது. என் மூன்று புள்ளி ஒன்று கன மீட்டரும் அந்தப் பக்கம் நகர்ந்தது. முதலில் தண்ணீர்க் கேன்கள். பிறகு சிலிண்டர். பிறகு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அத்தை, நாற்காலியோடு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் என்னை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்து என் மடியில் மோதி நின்றார். பழக்கூடை கவிழ்ந்து ஆப்பிள்கள் சேற்றில் வரிசையாக விழுந்தன. மஞ்சள் தடவிய பத்திரிகையை மட்டும் அத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தேன். தொடை வரை போய்விட்டது. சேகர் என் ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டான். இரண்டு செருப்பும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாயங்காலம்தான் தண்ணீர் திரும்பும். பாலத்தில் கும்மிடிப்பூண்டி ரயில்கள் போய் வந்தன. ஒவ்வொரு ரயிலிலும் வாசலில் நின்றவர்கள் கையசைத்தார்கள். ஒரு ரயிலில் என் அலுவலகத்துக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். மதியத்துக்குள் ஆரஞ்சு ஜாக்கெட்டில் நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் படம் அலுவலகக் குழுவில் வந்துவிட்டது. மேலாளர் அதன் கீழ், ‘சரக்கு எப்போது போய்ச் சேரும்?’ என்று கேட்டிருந்தார். ஒரு பெண்மணி தலையில் கூடையோடு ஆற்றின் குறுக்கே எங்களுக்குப் பக்கத்திலேயே நடந்து போனார். தண்ணீர் இருந்த இடத்திலும் அவருக்கு முட்டியைத் தொடவில்லை. என் ஜாக்கெட்டைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அத்தை ஒரே ஒருமுறை பேசினார். “தம்பிக்குச் சேதி போயிருக்கும். இன்னிக்கிக் கெளம்பிட்டோம்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. கரையில நிப்பான்.” கொஞ்சம் கழித்து, “வரலன்னா, வேணும்னே வராம போயிட்டேன்னு நெனச்சிக்குவான்” என்றார். என் தலையெழுத்து, அதைச் சொல்லிவிட்டு என்னைக் குற்றம் சொல்வது போல ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் பத்திரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதினொன்றரை மணி இருக்கும். பாலத்துக்குக் கீழே, சேற்றுக்கு நடுவே கயிறு போல ஓடிய மிச்சத் தண்ணீரில், ஒரு பச்சைப் படகு வந்தது. தேசம்மா பின்னால் நின்று கழியை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு இரண்டு எண்ணம் ஒரே நேரத்தில் வந்தது. தப்பித்தோம் என்பது ஒன்று. மாட்டிக்கொண்டோம் என்பது இன்னொன்று.

தேசம்மா பக்கத்தில் வந்து படகை நிறுத்தினார். சாய்ந்து கிடந்த எங்களைச் சிறிது நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கரையில சொன்னாங்க, படகு படுத்துக்கிச்சின்னு” என்றார் தேசம்மா. “வாக்கா, இதுல ஏறு. ஏகாம்பரம் வூட்டுக்கு நான் இட்டுனு போறேன்.”

“வாணாம். உனக்கு எறா சீசனு. எதுக்குத் தொந்தரவு?”

“இன்னா எறா சீசனு? எறாவே இல்லியே இப்ப.” தேசம்மாவின் குரல் மாறியது. “மூணு வாரமா கேக்கணும்னு கீறேன். முறுக்கு சுட எல்லாரையும் கூப்ட்ட, என்னிய தாண்டிப் போயிட்ட. கூடைய எட்துனு அந்தக் கோடிக்குப் பூட்ட. நான் இன்னா தப்பு பண்ணேன்க்கா?”

“படகு தரமாட்டேன்னு சொன்னியே தேசம்மா! எம் பொண்ணு கல்யாணத்துக்கு!”

“நானா? எப்ப சொன்னேன்? கழுவி, நெழல்ல கட்டி, மூணு வாரமா தொழிலுக்குக்கூட எடுக்காம வெச்சிகீறேனே, நீ எட்துக்குவன்னு!”

இரண்டு பெண்களும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். சேகர் இன்ஜினில் ஏதோ தேடினான். தொடை வரை சேறு, வெறுங்கால், ஆரஞ்சு ஜாக்கெட். ஓடலாம் என்றால் ஓட இடமில்லை. மூழ்கலாம் என்றால் மூழ்கத் தண்ணீர் இல்லை. “அது வந்து அத்தே, அளவு சரியா வரல, அதான்” என்று ஆரம்பித்தேன். எனக்கே அது கேட்கவில்லை.

அத்தை திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், “மாப்ளே, அந்த ஜாக்கெட்ட கழட்டுங்க. தண்ணி முட்டிகூட இல்ல” என்றார். கழற்றினேன்.

அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாம்பாளத்தைத் தலையில் வைத்து, எங்கே கால் வைக்க வேண்டும் என்று தெரிந்தவராக நாலே எட்டில் பச்சைப் படகுக்குப் போய்விட்டார். போய்ச் சேர்ந்ததும் தேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அதே நாலு எட்டைக் கடக்க எனக்குக் கால் மணி நேரமும் சேகரின் தோளும் தேவைப்பட்டன. சேகர் கடல் சிங்கத்தோடு காவலுக்கு நின்றான். நான் எடுத்துவந்த சாமானில் ஒரு பானை, கொஞ்சம் அரிசி, தாம்பாளம், பத்திரிகை இவ்வளவுதான் எங்களோடு வந்தது. மூன்று நாளுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

“நடுவுல உக்காருங்க மாப்ளே, ஆடாதீங்க” என்றார் தேசம்மா. உட்கார்ந்ததும் படகு ஒரு சாண் அமுங்கியது. என் எண்பத்தாறு கிலோவைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு நாள் முழுக்கத் தேசம்மா கழி ஊன்றினார். வழியில் ஒரு குப்பத்தில் படுத்து எழுந்தோம். அவர்கள் இருவரும் மூன்று வாரப் பேச்சையும் பேசித் தீர்த்தார்கள். நான் நடுவில் சாமான் போல உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மதியம் ஏரிக்கரை தெரிந்தது. கரையில் ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “அவன்தான்” என்றார் அத்தை. படகு கரையை நெருங்கியது, அவர் அசையவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை. ஏழு வருடம் யார் முதலில் பேசுவது என்று நின்றது.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது பாருங்கள். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் முதலில் இறங்கிப் படகைப் பிடித்துக் கொடுத்தால் போன மானத்தில் கொஞ்சம் திரும்பும் என்று. “இருங்க மாப்ளே” என்று தேசம்மா சொல்வதற்குள் குதித்துவிட்டேன். இடுப்பு வரை இறங்கி நின்றேன். ஏகாம்பரம் பெருமூச்சு விட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து என்னைப் பிடுங்கினார். தாம்பாளத்தோடு தாய்மாமனை அழைக்கப் போனவனை அந்தத் தாய்மாமனே கரையில் இழுத்துப் போட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, ஏழு வருடத்தில் முதல் வார்த்தை பேசினார்.

“இன்னாக்கா, மாப்ளைய எங்கேந்து தோண்டி எட்துனு வர?”

அத்தை சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, இன்ச் டேப் முதல் ஜாக்கெட் வரை எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. ஏகாம்பரம் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். கோடிப்புடவையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே ஈரச் சேற்றோடு நின்றபோது, எப்படியோ காரியம் நடந்ததே என்று ஒரு கணம் தேற்றிக்கொண்டேன். அதுவும் பொய்தான். காரியத்தை நடத்தியவர் கழியோடு படகில் நின்றுகொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் தேசம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். அன்று கிடைத்த கொஞ்சம் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். “நான் பொய் சொல்லிட்டேன்க்கா. தப்புதான்” என்றேன்.

“அத்த வுடுங்க மாப்ளே. அக்கா பேசிடுச்சி, அது போதும்.” கை நிற்காமல் வேலை செய்தது. “படகு வாணாம்னா வாணாம்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. நான் இன்னா கடிச்சித் துன்னுடுவேனா?”

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு இறாலைப் பிரித்துப் போட ஆரம்பித்தேன்.

கல்யாணத்தன்று ஏகாம்பரம் மேளதாளத்தோடு மாமன் சீர் கொண்டுவந்தார். புடவை, பழம், பூ, பாத்திரம் என்று இருபத்தோரு தட்டு. கடைசித் தட்டை மூடி வைத்திருந்தார். மைக்கில், “இது மூத்த மாப்ளைக்கு” என்று அறிவித்துத் துணியை விலக்கினார். வெற்றிலை பாக்கின் நடுவே சுருட்டி வைத்த புத்தம் புது இன்ச் டேப். மண்டபமே அதிர்ந்தது. மணமேடையில் ரேவதி சிரித்துச் சிரித்து மாலை நழுவியது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

இப்போது எங்கள் வீட்டில் ஊருக்குப் போகப் பெட்டி கட்டினால் என் மகள், “அப்பா, மொத்தம் எத்தனை கன மீட்டர்?” என்பாள். சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என் காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். வஞ்சிரம் இன்னும் வருகிறது. ஆனால் இப்போது வைத்துக்கொண்டே சிரிக்கிறார்கள்.

போன மாதம் காத்திவாக்கம் போயிருந்தோம். ஆற்றங்கரையில் தேசம்மா படகைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, “மாப்ளே, எங்கினா போவணும்னா சொல்லுங்க. கழுவி வெச்சிகீறேன்” என்றார்.

“மொதல்ல மாமாவ எட போடணும்க்கா” என்றான் சேகர். அத்தை சிரித்தார், கலா சிரித்தாள், மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தேசம்மா சிரிக்கவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை. துடைத்த கையோடு என் பதிலுக்காக நின்றார்.

எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. இருந்தாலும், “நாளைக்குக் காலைல வேணும்க்கா” என்றேன்.